மடிப்பாக்கத்து வீட்டுக் குளத்தில் யூட்ரிகுலேரியா: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் பின்புறம், அல்லி வளர்ப்பதற்காகக் கட்டப்பட்ட சிறு சிமென்ட் குளம் ஒன்று இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதில் விடப்பட்ட யூட்ரிகுலேரியா ஆரியா என்ற நீர்வாழ் ஊனுண்ணித் தாவரம், அடுத்த பங்குனிக்குள் முழுவதுமாக அழுகிக் கரைந்துவிட்டது. 2023 ஆனியில் மறுபடியும் விட்ட தாவரம் இன்னும் விரைவாக அதே வழியில் போயிற்று. ஆனால் அதே வளாகத்தில், பத்தடி தள்ளி வைக்கப்பட்ட வேறொரு தொட்டியில், அதே இடத்திலிருந்து கொண்டுவந்த அதே தாவரம் 2024 கார்த்திகையில் மஞ்சள் பூக்களை நீருக்கு மேல் நீட்டியது. இரண்டு இடங்களுக்கும் வெயில் ஏறக்குறைய ஒன்றுதான். கொசுவும் நீர்ப்பூச்சியும் இரண்டிலும் உண்டு. முக்கியமாக வேறுபட்டது தண்ணீரின் தன்மை. வீட்டார் கேட்டுக்கொண்டபடி, இரண்டாம் முறை தாவரம் அழுகத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் குளத்தை உடனிருந்து கவனித்து வந்ததன் விளைவே இப்பதிவு.

தாவரம்

யூட்ரிகுலேரியா என்ற பெயரைப் பள்ளித் தாவரவியல் பாடத்தில், நெப்பந்தஸுக்கும் டிரோசீராவுக்கும் பக்கத்தில் எல்லாரும் படித்திருப்போம். நெப்பந்தஸைக் காண மேகாலயம் வரை போக வேண்டும். யூட்ரிகுலேரியாவுக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நெல்வயல்களிலும் ஏரி ஓரங்களிலும் மழைக்காலத்தில் மிதப்பவற்றில் இதுவும் ஒன்று. பூக்காத காலத்தில் வெறும் பாசிக் கொத்து என்று தோன்றுவதால் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

இதற்கு வேர் கிடையாது. தண்டின் நுனி வளர்ந்துகொண்டே போகும். அடிப்பகுதி அதே வேகத்தில் முதிர்ந்து அழுகிக்கொண்டே வரும். மயிர்போலப் பிரிந்த இலைகளில், ஆரியா இனத்தில் சுமார் 1 முதல் 4 மி.மீ. அளவுள்ள பைகள் இருக்கும். ஒவ்வொரு பையும் தன் உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, சுவர்கள் உட்குழிந்த நிலையில் அழுத்தம் குறைந்து காத்திருக்கிறது. வாயில் உள்ள உணர்மயிரை நீர்த்தெள்ளுப்பூச்சி போன்ற சிற்றுயிர் தொட்டால் கதவு திறந்து, ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் நீரோடு இரையும் உள்ளே இழுக்கப்படும். பிறகு மீண்டும் நீரை வெளியேற்றிப் பை தயாராவதற்கு ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடம் ஆகும். எதுவும் தொடாவிட்டாலும் பைகள் அவ்வப்போது தாமாகவே திறந்து மூடுவதும் உண்டு.

இந்தப் பொறியின் வேகம் வியப்பூட்டுவதால், இதை வளர்ப்பவர்களின் கவனம் முழுவதும் பொறியின் மீதே போய்விடுகிறது. இந்த வீட்டிலும் நடந்தது அதுவே. செடி வாடியதும் 'இரை போதவில்லை' என்று முடிவு செய்தார்கள்.

குளம் இருந்த நிலை

குளம் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். அடியில் அல்லிக்காகக் களிமண்ணும் மக்கிய சாணமும் கலந்து போட்டிருந்தார்கள். நிரப்பியது வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். அதன் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது; கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் தங்கும் தண்ணீர் அது. கொசுவுக்காகக் கொளத்தூர் கடையில் வாங்கிய கப்பி மீன்கள் பெருகி, தினமும் தீனி கேட்கும் நிலைக்கு வந்திருந்தன. ஒரு மூலையில் ஹைட்ரில்லா என்ற நீர்மூழ்கித் தாவரம் அடர்ந்திருந்தது.

அல்லி நன்றாகத்தான் இருந்தது. மாதந்தோறும் பூத்தது. நல்ல குளம் என்று வீட்டார் நம்பியதற்கு அதுவே காரணம். அல்லிக்கு அது நல்ல குளந்தான்.

முதல் முறை விடப்பட்ட யூட்ரிகுலேரியா, மழைநீர் நிறையக் கலந்திருந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தழைத்தது. தை பிறந்து மழை நின்றபின் புதிய இலைகள் சிறுத்தன. பைகளின் எண்ணிக்கை குறைந்தது. மாசியில் பச்சை நூல்பாசி அதன் இலைகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. இரை வேண்டும் என்று எண்ணி உலர்ந்த புழுத்தீனியைப் பொடித்துத் தூவினார்கள். பாசி இன்னும் தடித்தது. இரண்டாம் முறை வடகிழக்குப் பருவமழை இல்லாத ஆனி மாதத்தில் விடப்பட்டதால், தழைத்து நின்ற முதற்கட்டம்கூட வாய்க்காமல் நேராகவே சரிந்தது.

துப்பு

இந்த நிகழ்வில் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு தட்டு. குளத்தின் விளிம்பில், முன்பு ஒரு தொட்டிச்செடிக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டில் மழைநீர் தேங்கி, மேலிருந்து விழுந்த வாதாம் இலைச் சருகுகள் அதில் ஊறிப் பழுப்பாகியிருந்தன. அந்தப் பழுப்பு நீரில், நூலைவிட மெல்லிய பச்சை இழைகள் பின்னிக் கிடந்தன. கைவில்லையில் பார்த்தபோது அவற்றிலும் பைகள். அது யூட்ரிகுலேரியா கிப்பா என்ற சிறிய இனம்; ஆரியாவோடு ஒட்டிக்கொண்டு வந்து, குளத்துக்கும் தட்டுக்கும் கை மாறியிருக்க வேண்டும். அதே கிப்பா குளத்தின் நடுவில் எங்கும் இல்லை. அழுகிய அல்லி இலைகள் ஒதுங்கிய ஒரு மூலையில் மட்டும், மேற்பரப்பை ஒட்டிச் சிறிது உயிரோடிருந்தது.

தட்டில் இரை அதிகமா என்றால், இல்லை. குளத்தில் ஒரு துளி நீரில் இருந்த நுண்ணுயிர்கள்கூடத் தட்டில் கிடையாது. ஆகவே இரைப் பஞ்சம் என்ற விளக்கம் அங்கேயே விழுந்தது.

மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் சொட்டுப் பரிசோதனைப் பெட்டியால் குளத்து நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைக் காலையிலும் பிற்பகலிலும் பார்த்தோம். விடிகாலையில் 8-க்கு அருகில் இருந்தது, பிற்பகல் மூன்று மணிக்கு 9-ஐத் தாண்டியது. தட்டில் எந்த நேரத்தில் பார்த்தாலும் 7-க்குச் சற்றுக் கீழேயே நின்றது.

இந்த ஏற்றத்தின் பொருளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு நிகழ்வும் இதில்தான் அடங்கியிருக்கிறது. நீரில் மூழ்கி வாழும் தாவரத்துக்கு ஒளிச்சேர்க்கை செய்யக் கரியமில வாயு தேவை. நீரில் அது கரைந்த வாயுவாகவும் பைகார்பனேட்டாகவும் இருக்கிறது. பி.எச். சுமார் 6.35 இருக்கும்போது இரண்டும் சரிபாதி. 7.35-இல் பைகார்பனேட்டில் பத்தில் ஒரு பங்குதான் வாயுவாக இருக்கும்; 8.35-இல் நூறில் ஒரு பங்கு, 9.35-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹைட்ரில்லாவும் பல பாசி வகைகளும் வாயு தீர்ந்துபோனால் பைகார்பனேட்டை எடுத்துப் பயன்படுத்தும் திறன் கொண்டவை. நீர்வாழ் யூட்ரிகுலேரியாவுக்கு அந்தத் திறன் இல்லை. கரைந்த கரியமில வாயுவை மட்டுமே அதனால் எடுத்துக்கொள்ள முடியும். வெயில் ஏற ஏற ஹைட்ரில்லாவும் பாசியும் வாயுவை உறிஞ்சி பி.எச். அளவை மேலே தள்ளுகின்றன. தள்ளிய பிறகும் அவை உண்டுகொண்டிருக்க, யூட்ரிகுலேரியா நண்பகலுக்கு முன்பே பட்டினி கிடக்கிறது. விருந்தில் எல்லாருக்கும் இலை போட்டு, ஒருவரால் உண்ண முடியாத பண்டத்தையே பரிமாறிய கதை.

அப்படியானால் பூச்சி எதற்கு? பைகளில் அகப்படும் இரை முதன்மையாகத் தருவது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளை. அவை குறைந்த நீரில் வாழ்வதற்கான ஏற்பாடு அது. ஒளிச்சேர்க்கை நின்றுவிட்ட செடிக்கு எவ்வளவு இரை கிடைத்தாலும் அதைக் கொண்டு உடலைக் கட்ட முடியாது. பைகளை உருவாக்குவதும் இயக்குவதுமே செலவு பிடிக்கும் வேலை என்பதால், நலிந்த செடி முதலில் பைகளைத்தான் குறைக்கிறது. மாசியில் பைகள் குறைந்ததை வீட்டார் 'வேட்டையாடும் வலு போய்விட்டது' என்று வாசித்தார்கள். அது காரணமில்லை, விளைவு.

சாணமும் மீன் கழிவும் தூவிய தீனியும் இதற்கு இரண்டாவது பக்கத்தைச் சேர்த்தன. சத்து மிகுந்த நீரில் நூல்பாசிக்குக் கொண்டாட்டம். அது யூட்ரிகுலேரியாவின் ஒளியை மறைத்தது, பிற்பகல் பி.எச். அளவை இன்னும் உயர்த்தியது. கப்பிகள் தம் பங்குக்கு நீர்த்தெள்ளுப்பூச்சிகளைத் தின்று தீர்த்தன. ஆக, செடிக்கு இரையும் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குறையைப் போக்கத் தூவியதே பெரிய கேட்டை வளர்த்தது.

மாற்றுத் தொட்டி

அல்லிக் குளத்தைத் திருத்துவதைவிடத் தனித் தொட்டி வைப்பது எளிது என்ற முடிவுக்கு வந்தோம். அல்லி கேட்பதும் யூட்ரிகுலேரியா கேட்பதும் ஒன்றுக்கொன்று நேரெதிர். இரண்டையும் ஒரே நீரில் வைத்து இருவரையும் மகிழ்விக்க முயல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வீட்டில் பயன்படாமல் கிடந்த மூன்றடி விட்டக் கிணற்று உறை ஒன்றைப் பாதி மண்ணில் புதைத்து நிறுத்தினோம். மண்ணில் பாதி இறங்கியிருந்தால் கோடையில் நீர் கொதிக்காது. சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு ஊறி பி.எச். அளவை ஏற்றும் என்பதால், உள்ளே கெட்டியான கருப்புப் பாலித்தீன் விரிப்பு போட்டு நீரைச் சிமென்ட்டிலிருந்து முற்றிலும் பிரித்தோம். ஒன்றேகால் அடி ஆழத்துக்கு நீர் நிறுத்தினால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும்.

தண்ணீருக்கு மழைதான். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டு இருபதாண்டுகள் ஆனதால், மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே இருந்தது. அதில் ஒரு கிளை மட்டும் பிரித்துக்கொண்டோம். நூறு சதுர அடி மாடிப் பரப்பில் 30 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 280 லிட்டர் வரும். ஆவணி மாதத்து மாலை இடிமழை ஒன்றே தொட்டியை நிரப்பப் போதுமானது. முதலில் இறங்கும் அழுக்கு நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். ஏ.சி. வடிநீரைப் பிடித்து ஊற்றலாமே என்று வீட்டு மகன் கேட்டார். அதுவும் உப்பில்லாத நீர்தான். ஆயினும் தாமிரக் குழாய்களைத் தழுவி வருகிற நீர் என்பதாலும், செம்பு நீர்த்தெள்ளுப்பூச்சிகளுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு என்பதாலும் அதைத் தவிர்த்தோம்.

அடியில் மண் எதுவும் போடவில்லை. நன்கு காய்ந்த, பழுப்பேறிய நாட்டு வாதாம் இலைகளைக் கொதிநீரில் ஒருமுறை அலசி ஒரு தளமாகப் பரப்பினோம். அதோடு காய்ந்த கோரைத் தாள்களை நறுக்கிப் போட்டோம். இவை மெல்ல மெல்ல மக்கும்போது வெளிவரும் கரியமில வாயுதான் இந்தத் தொட்டியின் உண்மையான உணவு. இலையிலிருந்து இறங்கும் பழுப்பு நிறம் நீரைச் சற்று அமிலப் பக்கம் வைத்திருக்கும், பாசிக்கு எட்டும் ஒளியையும் குறைக்கும். தேங்காய் நார்க்கழிவைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கடைகளில் கிடைப்பதில் உப்பு மிகுந்திருப்பது வழக்கம். பலமுறை அலசினாலொழிய அது இந்த வேலைக்கு ஆகாது. கோரைச் செடி ஒன்றைக் கழுவிய மணலில் நட்டு ஓரமாக வைத்தோம். ஹைட்ரில்லாவுக்கும் மீனுக்கும் இடமில்லை.

தாவரம் முன்பு வந்த இடத்திலிருந்தே வந்தது: செங்கல்பட்டுப் பக்கம் வீட்டாரின் உறவினர் வயலை ஒட்டிய குட்டை. மடிப்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம் கூப்பிடு தூரம்தான். ஆனால் அது 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட நிலம், அங்கிருந்து ஒரு தழைகூட எடுக்கக் கூடாது. கொண்டுவந்த கொத்துகளிலிருந்து நத்தைகளையும் பாசி இழைகளையும் பொறுக்கி, முதலில் ஒரு வாளி மழைநீரில் தனியே வைத்திருந்து, நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்குப் பழுதற்ற தண்டுகளை மட்டும் வெட்டித் தொட்டியில் விட்டோம். அடிப்பகுதியை வைத்திருந்து பயனில்லை. அது எப்படியும் அழுகப்போவது. மீதியுள்ள நுனிகள் சில முதல் மாடிப் பால்கனியில், அதே வாளியில், இருக்கட்டும் என்று விடப்பட்டன.

கொசு

சென்னையில் வீட்டுக்குள் தேங்கிய நீர் வைப்பது தனிப்பட்ட விருப்பம் மட்டும் ஆகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும், இந்நகரின் மலேரியாவுக்குக் காரணமான அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவும் இத்தகைய சுத்தமான நீரில்தான் முட்டையிடும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தபோது, "கொசுப்புழுவைச் சாப்பிடுற செடிங்க இது" என்று வீட்டம்மா விளக்க, அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "செடி சாப்பிட்டது போக மிச்சம் இருக்கேம்மா" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

பைகள் கொசுப்புழுவைப் பிடிப்பது உண்மை. 1870-களில் அமெரிக்காவின் மேரி ட்ரீட் அதை நுண்ணோக்கியில் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். டார்வின் 1875-இல் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய நூலில் அவருடைய அவதானிப்புகளை எடுத்தாண்டிருக்கிறார். ஆயினும் 4 மி.மீ. பைக்குள் அடங்குவது முட்டையிலிருந்து அண்மையில் வந்த சிறு புழுக்கள்தான். வளர்ந்த புழு வால் நுனி மாட்டிக்கொண்டாலும் பெரும்பாலும் உதறித் தப்பிவிடும். எல்லாப் புழுவையும் சிறு வயதிலேயே பிடித்துவிடும் அளவுக்கு ஒரு வீட்டுத் தொட்டியில் செடி அடர்ந்திருக்கும் என்று நம்பி டெங்குவோடு பந்தயம் கட்டக் கூடாது. கொசுவலை தைத்த கம்பி வளையம் ஒன்றை உறையின் மேல் மூடியாகப் போட்டோம். வலை தவறும் நாட்களுக்காகப் பி.டி.ஐ. எனப்படும் பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் பாக்டீரியாத் தூளைக் கைவசம் வைத்தோம். அது கொசுப்புழுவைக் கொல்லும், நீர்த்தெள்ளுப்பூச்சியைத் தொடாது. வலை வெயிலையும் சற்று மட்டுப்படுத்தியது எதிர்பாராத ஆதாயம்.

வெள்ளமும் கோடையும்

ஐப்பசி முழுவதும் தொட்டி நன்றாக இருந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கத்தில் தெருவெல்லாம் நீர் நின்றது. பாதி புதைத்த உறைக்குள் சாக்கடை கலந்த வெள்ளம் ஏறி இறங்கியது. நீர் வடிந்தபோது தொட்டியில் செடி இல்லை, விரிப்பின்மேல் விரற்கடைச் சேறு. பால்கனி வாளியில் இருந்த நுனிகளே மிஞ்சின. தாழ்வான பகுதிகளில் இத்தாவரத்தை வளர்ப்பவர்கள் மாடியில் ஒரு வாளி இருப்பு வைக்காமல் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

தையில் தொட்டியைக் கழுவி, அதே முறையில், மாடி டிரம்மில் சேமித்த மழைநீரால் மறுபடி நிரப்பினார்கள். கோடைதான் உண்மையான சோதனையாக இருந்தது. நீர் ஆவியாகக் குறையும்போது கரைந்த உப்புகள் அப்படியே தங்கிவிடும். குறைந்ததை ஆழ்துளை நீரால் ஈடுசெய்தால் ஒவ்வொரு வாரமும் உப்பு கூடிக்கொண்டே போகும். சேமித்த மழைநீர் சித்திரையோடு தீர்ந்தபின், ஆர்.ஓ. வடிகட்டியிலிருந்து வரும் குடிநீரை ஊற்றினார்கள். வடிகட்டி ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் அது தோட்டத்துக்குப் போனது. கத்திரி வெயிலில் வலைக்குமேல் பச்சை நிழல்வலை ஒன்றும் சேர்ந்தது. வைகாசியில் செடி வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோய், தண்டுகள் குட்டையாகி, நுனிகள் மட்டும் பச்சையாக இருந்தன. பிற்பகல் பி.எச். அந்த மாதங்களிலும் 7.5-ஐத் தாண்டவில்லை. நூல்பாசி இருமுறை தலைகாட்டியது. பல்துலக்கும் பிரஷில் சுற்றி எடுத்ததோடு அடங்கியது. பாசிக்கொல்லி மருந்துகளில் பல செம்பு கலந்தவை என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆடியில் பழைய இலைத்தளத்தின் மேல் புதிய வாதாம் சருகுகள் ஒரு கைப்பிடி சேர்த்தபின், மழையும் தொடங்கவே, தண்டுகள் நீண்டன. புரட்டாசி முடிவில் பைகள் கருத்துத் தெரிந்தன. இரை அகப்பட்ட முதிர்ந்த பைகள் அப்படிக் கருக்கும். கார்த்திகையில் பூங்காம்புகள் எழுந்தன. காம்பின் இடையில் ஊதிய மிதவைகள் வட்டமாக அமைந்திருந்தால் அது ஸ்டெல்லாரிஸ் அல்லது இன்ஃப்ளெக்சா இனமாக இருந்திருக்கலாம்; இங்கே மிதவை எதுவும் இல்லாததால், தொடக்கத்தில் ஆரியா என்று கருதியது பூவாலும் உறுதியாயிற்று.

வீட்டு மகனுக்கு அடுத்ததாக ஆல்ட்ரோவாண்டா வெசிகுலோசா வளர்க்க ஆசை. வீனஸ் பூச்சிப்பிடிப்பானைப் போல மடிந்து மூடும் இலைகள் கொண்ட அந்த நீர்த்தாவரம் இந்தியாவில் வங்காளம், மணிப்பூர்ப் பக்கங்களில் அறியப்பட்டது. அதுவும் கரைந்த கரியமில வாயுவை மட்டுமே நம்புவது என்பதால் இந்தத் தொட்டி அதற்கும் ஒத்துவரக்கூடும். ஆனால் உலகளவில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்ட அதை இயற்கையிலிருந்து எடுத்து வருவதற்கு நான் உடன்படவில்லை. வளர்ப்பிலிருந்து முறையாகக் கிடைக்கும்வரை அந்தத் திட்டம் நிற்கட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதிலாக, அல்லிக் குளத்தில் ஹைட்ரில்லாவை முழுவதும் அகற்றி, கப்பிகளுக்குப் போடும் தீனியைப் பாதியாக்கி, விளிம்பில் வாதாம் சருகு நிறைத்த வலைப்பை ஒன்றைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றி கிப்பா பரவுகிறதா என்று இந்தப் பருவத்தில் பார்ப்பதாக ஏற்பாடு.